இன்னும் ஒரு படி மேலே

மாமாக்களில் பல வகை உண்டு. வரும்போது எதையாவது வாங்கிக்கொண்டு வருகிற மாமா, வெறுங்கையோடு வந்து இருப்பதைச் சாப்பிட்டுவிட்டுப் போகிற மாமா, கன்னத்தைக் கிள்ளிவிட்டு வலிக்கிறதா என்று விசாரிக்கிற மாமா. இவர்களையெல்லாம் குழந்தைகள் எப்படியோ சமாளித்துக்கொள்கிறார்கள். நாம் இங்கே பார்க்கப்போவது வேறோர் இனம். இந்த இனத்தார் மாமாவாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அத்தையாக இருக்கலாம், மாடி வீட்டுக்காரராக இருக்கலாம், பல் மருத்துவரிடம் காத்திருக்கையில் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தவராகவும் இருக்கலாம். அடையாளம் ஒன்றுதான். ஒரு குழந்தை தான் பெரியவனானால் என்ன செய்யப்போகிறேன் என்று சொல்லி வாயை மூடுவதற்குள், இவர் அதை ஒரு படி மேலே ஏற்றிவிடுவார்.

பஸ் ஓட்டப்போகிறேன் என்று குழந்தை சொன்னால், ஏன் ஓட்ட வேண்டும், பத்து பஸ் வாங்கிவிட்டால் ஓட்டுவதற்கு ஆள் வைத்துக்கொள்ளலாமே என்பார். ரொட்டி சுடப்போகிறேன் என்றால் ரொட்டித் தொழிற்சாலை வைத்துக் கொடுப்பார். நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டிவிடப்போகிறேன் என்று ஒரு பெண் குழந்தை ஆசையோடு சொன்னால், நாய்களுக்கு மருத்துவமனை, அதற்கு நாலு கிளை, எல்லாக் கிளைக்கும் அவளே தலைவி என்று மூச்சு விடாமல் கட்டி முடித்துவிடுவார். குழந்தை கேட்டது நாய். கிடைத்தது நாற்காலி.

இவர்கள் கெட்டவர்கள் அல்லர். இதைத் தெளிவாகப் பதிவு செய்துவிட வேண்டும். வேண்டாம் என்ற சொல்லே இவர்கள் வாயில் வராது. பெற்றவர்கள் வேண்டாம் என்பார்கள், குழந்தை அழும், அழுத ஆசை எப்படியாவது பிழைத்துக்கொள்ளும். இவரோ பாராட்டுவார். பாராட்டி, முதுகில் தட்டிக்கொடுத்து, அந்த ஆசையைப் பக்குவமாகக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, அதைவிடப் பெரியதாக, பளபளப்பாக, தூக்க முடியாததாக வேறொன்றைக் கொடுத்துவிடுவார். எதை இழந்தோம் என்பது குழந்தைக்குத் தெரியாது. பிறகு எதற்கென்று அழுவது?

இந்த இனத்தில் பழுதில்லாத மாதிரி ஒருவர் வேண்டுமென்றால் ஏணி மாமாவைப் பார்க்கலாம். காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் அவர் மூத்த துணை உதவி மேலாளர். இந்த நான்கு சொற்களில் முதல் மூன்றும் அவர் மேலாளர் இல்லை என்பதைத்தான் சொல்கின்றன. ஆகவே வெளியில் கடைசிச் சொல்லை மட்டும் சொல்லிக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தங்கை வீட்டுக்கு வருவார். வந்தால் யாரையாவது ஒரு படி ஏற்றிவிடாமல் கிளம்பமாட்டார் என்பதால், தங்கையின் கணவர் வைத்த பெயர் அது. அவருக்கும் தெரியும். அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

தங்கை மகள் இரண்டாம் வகுப்பு. அவளுடைய பள்ளியில் அந்த மாதம் தொழில்களை அறிமுகம் செய்தார்கள். வகுப்பாசிரியை நாளுக்கு ஒருவராக ஆட்களை வரவழைத்தார். தபால்காரர் வந்தார், செவிலி வந்தார், ரொட்டிக்கடைக்காரர் மாவோடு வந்து எல்லோர் மூக்கிலும் கொஞ்சம் பூசிவிட்டுப் போனார். கடைசியில் தீயணைப்பு வண்டி வந்தது. மாடி ஜன்னலில் ஒரு பொம்மையை வைத்து, ஏணியைச் சாய்த்து, ஒருவர் விறுவிறுவென்று ஏறிப் பொம்மையைக் காப்பாற்றினார். வகுப்பு முழுவதும் கழுத்து வலிக்க மேலேயே பார்த்துக்கொண்டிருந்தபோது இவள் ஒருத்தி மட்டும் கீழே பார்த்தாள். அங்கே ஒரு பெண், சிவப்புத் தொப்பியும் தடித்த கையுறையுமாக, ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"நீங்க ஏற மாட்டீங்களா?"

"நான் விட்டா அவரு விழுந்துடுவாரு, கண்ணு," என்றாள் அந்தப் பெண், தலையைத் திருப்பாமலே.

அவ்வளவுதான். முடிவாகிவிட்டது. அடுத்த வார இறுதியில் எல்லாக் குழந்தைகளும் தாங்கள் செய்ய விரும்பும் தொழிலின் வேஷத்தில் வர வேண்டும், பெற்றோர் முன்னால் மேடையில் நின்று ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும் என்று ஆசிரியை சொல்லியிருந்தார். அதில் ஒரு விதியும் இருந்தது: என்ன ஆகப்போகிறேன் என்று சொல்லக் கூடாது, என்ன செய்வேன் என்றுதான் சொல்ல வேண்டும். இவள் சிவப்புப் பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்துத் தொப்பியாக்கிக்கொண்டாள். அடுப்பிலிருந்து சூடான பாத்திரம் இறக்கும் துணியுறைகள் கையுறைகள் ஆயின. ஏணி பிடிப்பவளாக மேடையேறுவது ஒன்றுதான் அந்த வாரம் முழுக்க அவளுக்கு இருந்த ஆசை.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் ஏணி மாமா வந்தார். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள், அப்பா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏணி பிடிக்கிறவளா? ரொம்ப சந்தோஷம்," என்றார் மாமா. முதுகில் தட்டினார். "ஆனா பிடிச்சுக்கிட்டே நிப்பியா, ஏறுவியா?"

"அதுக்கு வேற ஒருத்தர் இருக்காரு மாமா."

"சரி. அந்த ஏறுறவருக்கு மேல யாரு?"

அவள் யோசித்துப் பார்த்தாள். "மேல பொம்மைதான் இருந்துச்சு."

"அதில்லம்மா. அவருக்கு உத்தரவு போடுறவரு. அவருக்கும் மேல ஒருத்தரு. எல்லாருக்கும் மேல பெரிய அதிகாரி."

"அவரு ஏணி பிடிப்பாரா?"

"மாட்டாரு."

"மணி அடிப்பாரா?"

"அதுக்கு ஆள் இருக்கு."

"தண்ணி அடிப்பாரா?"

அப்பாவுக்கு இருமல் வந்துவிட்டது. மாமா அவரை முறைத்துவிட்டு, "கையெழுத்து போடுவாரு," என்றார்.

"எதுல?"

"எல்லாத்துலயும்."

அவள் ஜுரத்தில் படுத்திருப்பவரைப் பார்ப்பதுபோல் மாமாவைப் பார்த்தாள். "பாவம்," என்றாள்.

"அண்ணா, ஒரு நாள் வேஷம்தானே. அவ ஆசைப்படி விட்டுடேன்," என்றாள் அம்மா.

"வேஷம்னாலும் அதுல ஒரு இது வேணும்ல."

"எது?"

"ஒரு இது."

அந்த இதை மறுநாள் மாலையே ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்தார். கறுப்புக் கோட்டு. அவருடைய கழுத்துப்பட்டையையே வெட்டித் தைத்த குட்டிக் கழுத்துப்பட்டை. சட்டைப் பையில் செருகத் தங்க நிறப் பேனா. அண்ணன் அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டுவிட்டுத் தையல்கடையில் நின்றிருக்கிறார் என்று தெரிந்த பிறகு தங்கையால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. சிவப்புக் கிண்ணம் அலமாரியின் மேல் தட்டுக்குப் போயிற்று. குழந்தை அழவில்லை. எல்லோரும் அவளைப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த நாள் வந்தது. பெற்றோர்கள் வருவதற்கு வெகு முன்பாகவே ஏணி மாமா பள்ளிக் கூடத்தில் ஆஜர். ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. மேடையைப் பார்த்தார், அவருக்கு நெஞ்சு நிறைந்தது. ஏனென்றால் இந்த இனம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. ரொட்டி சுட விரும்பிய பையன் ரொட்டிக் கம்பெனி முதலாளியாக வந்திருந்தான். பஸ்காரன் போக்குவரத்துத் தலைவன். நாய்க்காரி மருத்துவமனைத் தலைவி. எல்லோருக்கும் கறுப்புக் கோட்டு, எல்லோருக்கும் பேனா. எது ரொட்டி, எது பஸ், எது நாய் என்று ஆசிரியைக்கே தெரியவில்லை.

"என்ன செய்வேன்னு சொல்லணும், சரியா? நீ சொல்லு."

"நான் மீட்டிங் போவேன்," என்றது ரொட்டி.

"நானும் மீட்டிங் போவேன்," என்றது பஸ்.

"நான் போன் பேசுவேன்," என்றது நாய்.

"யார் கூட?"

"மீட்டிங்ல இருக்கிறவங்க கூட."

இதற்கு மேல் ஆசிரியை எதுவும் கேட்பதற்குள் ஒரு வங்கித் தலைவனுக்கு அவசரமாகக் கழிப்பறை போக வேண்டியிருந்தது. தலைவனுக்குப் பொத்தான் கழற்றத் தெரியாது. ஆசிரியை அவனைக் கூட்டிக்கொண்டு ஓடினார். அதே நேரம், மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த துணிப் பதாகையின் ஒரு முனை அவிழ்ந்து, முதலாளிகளின் தலையில் வந்து தொங்கியது.

பள்ளி உதவியாளர் மடக்கு ஏணியைக் கொண்டுவந்து விரித்துவைத்தார். "சார், நீங்க ஏறிடாதீங்க. இதுக்கு ஒரு கால் கட்டை. அந்தப் பக்கம் யாராவது முதல் படியில நின்னு அழுத்திக்கணும். கயிறு எடுத்துட்டு வந்துடறேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

கண் முன்னால் ஓர் ஏணி. அதில் காலியாக ஓர் உச்சிப் படி. நம்மவரால் சும்மா நிற்க முடியுமா?

ஏறினார். உச்சிக்கே ஏறினார். பதாகையின் முனையைப் பிடித்து ஆணியில் மாட்டக் கையை நீட்டினார். டக். ஏணி ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. கையை இழுத்துக்கொண்டார். டக். மறுபக்கம் சாய்ந்தது. இறங்கலாம் என்று ஒரு காலை எடுத்தார். இந்தத் தடவை சத்தம் வருவதற்குச் சற்று நேரம் ஆயிற்று, அந்தச் சற்று நேரம் அவருக்குப் பிடிக்கவில்லை. எடுத்த காலை எடுத்த இடத்திலேயே வைத்தார். ஜன்னல் கம்பியை ஒரு கையால் பற்றிக்கொண்டார். மேலிருந்து பார்த்தால் தரை இவ்வளவு தூரத்தில் இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை.

"யாராவது இந்த ஏணியைக் கொஞ்சம் பிடிங்கப்பா."

கோட்டுகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"நான் முதலாளி," என்றது ரொட்டி.

"எனக்கு மீட்டிங் இருக்கு," என்றது பஸ்.

"ஆள் அனுப்பறேன் சார்," என்றது நாய், ரொம்ப மரியாதையாக.

குறும்பு இல்லை. வாரம் முழுக்க வீட்டில் சொல்லிக்கொடுத்ததைப் பிசகாமல் ஒப்பித்தார்கள்.

"கண்ணு, நீயாவது வா," என்றார் மாமா.

அவள் வந்தாள். மாமா சொல்லிக்கொடுத்தபடியே கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். "நான் பிடிக்க மாட்டேனே மாமா. நான் பெரிய அதிகாரி."

"பரவாயில்ல, பிடி."

"கையெழுத்து வேணா போடறேன்."

டக்.

"சரி, சரி. பெரிய அதிகாரி வேண்டாம். சின்ன அதிகாரி."

"அவரு பிடிப்பாரா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அடுத்தவர் பதவி விஷயத்தில் ஏணி மாமா பொய் சொன்னதில்லை. "மாட்டாரு," என்றார்.

"உத்தரவு போடுறவரு?"

"அவரும் மாட்டாரு."

"ஏறுறவரு?"

"அவரு எப்படிம்மா பிடிப்பாரு? அவருதான் மேல மாட்டிக்கிட்டு..." மாமா பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"அப்போ யாருதான் பிடிப்பாங்க?"

"பிடிக்கிறவங்க."

"அது யாரு?"

"நீதாம்மா."

"இப்போ மட்டுமா, அம்மா அப்பா எல்லாம் வந்தப்புறமுமா?"

டக்.

"வந்தப்புறமும்."

"சத்தமா சொல்லுங்க மாமா. எல்லாருக்கும் கேக்கட்டும்."

மூத்த துணை உதவி மேலாளர், ஜன்னல் கம்பியைக் கட்டிக்கொண்டு, தன் வாழ்நாளில் முதல்தடவையாக ஒருவரை ஒவ்வொரு படியாகக் கீழே இறக்கி, தரையில் கொண்டுவந்து நிறுத்தினார். "என் தங்கச்சி பொண்ணு ஏணி பிடிக்கிறவ," என்றார். கூடம் முழுவதும் கேட்டது.

அவள் அவசரப்படவில்லை. கோட்டைக் கழற்றி, மடித்து, நாற்காலியில் வைத்தாள். பள்ளிப் பையைத் திறந்தாள். சிவப்புக் கிண்ணமும் துணியுறைகளும் உள்ளே இருந்தன. அலமாரியின் மேல் தட்டு அவளுக்கு எட்டாது; யார் எடுத்து வைத்தார்கள் என்று பிற்பாடு அந்த வீட்டில் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. கிண்ணத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, அந்தப் பக்கம் போய், முதல் படியில் ஏறி நின்று, இரண்டு கையாலும் பிடித்தாள்.

டக். அவள் எடை போதவில்லை.

"டேய் ரொட்டி, இங்க வா. நீயும்தான், பஸ்ஸு."

ரொட்டி தன் கழுத்துப்பட்டையைத் தலைவழியாகக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடிவந்தான். பஸ் வந்தான். நாயும் வந்தாள். படியில் இடமில்லாதவர்கள் படியில் நின்றவர்களைப் பிடித்துக்கொண்டார்கள். ஏணி, தன் கட்டைக் காலையும் சேர்த்து, நாலு காலில் நின்றது.

"இறங்கட்டுமாம்மா?"

"நான் சொல்றப்போ இறங்குங்க," என்றாள் அவள், தலையைத் திருப்பாமலே.

அன்று மேடையில் அவள், "நான் ஏணியைப் பிடிச்சுக்குவேன், விட மாட்டேன்," என்றாள். பின்னாலேயே ரொட்டி, எழுதிக் கொடுத்ததை மறந்து, "நான் ரொட்டி சுடுவேன், கருக விட மாட்டேன்," என்றான். கூட்டத்தில் அவனுடைய அத்தை பெருமூச்சு விட்டது மூன்று வரிசைக்குக் கேட்டது.

வீட்டுக்குத் திரும்பும்போது மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஏணி மாமா ஒரு தெரு முழுக்கப் பேசாமல் நடந்தார். அவர் அளவில் அது பெரிய தவம். திருப்பத்தில் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"கண்ணு, ஒரு யோசனை. ஏணி பிடிக்கிறவங்க நிறைய பேர் இருப்பாங்க இல்லையா? அவங்க எல்லாருக்கும் மேல ஒருத்தர்..."

அவள் கிண்ணத்தைக் காது மூடும் வரை கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

நல்லவேளை, நாம் அந்த இனம் இல்லை என்று உங்களுக்கு ஓர் ஆறுதல் வந்திருக்கும். வரட்டும். ஒன்றை மட்டும் கேட்டுவிடலாம். "டேய் ரொட்டி, இங்க வா" என்று அவள் கூப்பிட்ட இடத்தில், இந்த வயதிலேயே எத்தனை பேரை வேலை வாங்குகிறாள் பார், இவள் நிச்சயம் பெரிய அதிகாரியாகத்தான் வருவாள் என்று மனசுக்குள் ஒரு நிமிஷம் பூரித்துப்போனீர்களா?

போயிருந்தால், நின்ற இடத்தை விட்டு அசைய வேண்டாம். சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள்.

டக்.