மீட்டர் அண்ணாச்சியும் ஓடாத ஃபிலிமும்

தில்லி துவாரகாவில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டிக்கு மேலே சூரியன் உதிக்க வேண்டுமானால் இரண்டு பேருடைய சம்மதம் வேண்டும். ஒருவர் கடவுள். இன்னொருவர் மூன்றாம் மாடி மீட்டர் அண்ணாச்சி. கடவுள்கூடச் சில நாள் போனால் போகிறதென்று விட்டுவிடுவார். அண்ணாச்சி விடமாட்டார். காலையில் பால்கனிக்கு வந்து, உள்ளங்கை அகல லைட் மீட்டரை வானத்துக்கு நேரே நீட்டுவார். முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பார். உதட்டைப் பிதுக்கி, "இது ஒரு வெளிச்சமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விடுவார். அன்று முழுக்க சூரியன் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான் இருக்கும்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது அவர் வேலை பார்க்கும் சர்க்கார் அலுவலகத்துக்கும் ஆதார் அட்டைக்கும் மட்டும்தான் தெரியும். படம் எடுக்குமுன் வெளிச்சத்தை அளக்கும் அந்தக் கருவி, மற்றவர்கள் பேனா குத்தும் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். அதனால் மீட்டர். திருநெல்வேலிக்காரர், அதனால் அண்ணாச்சி. புதிதாக வந்த வாட்ச்மேனுக்கு இந்த வரலாறு தெரியாது. மின்சார மீட்டர் தாறுமாறாக ஓடுகிறது என்று புகார் சொன்ன டி பிளாக் அம்மாளை, "மீட்டர் சாப்? தேர்ட் ஃப்ளோர் ஜி" என்று மேலே அனுப்பிவிட்டான். அண்ணாச்சி அந்த அம்மாளை வாசலில் நிறுத்தி, கன்னத்துக்குப் பக்கத்தில் மீட்டரைப் பிடித்து, ஜன்னல் பக்கம் கொஞ்சம் திரும்பி நிற்கச் சொன்னாராம். அந்த அம்மாள் இன்றைக்கும் லிஃப்டில் அவரைக் கண்டால் படிக்கட்டில் இறங்கிப் போகிறார்.

உலகமே போனில் படம் எடுக்கிற இந்தக் காலத்தில் அண்ணாச்சி ஃபிலிம் கேமராவைத் தவிர வேறெதையும் கையால் தொடமாட்டார். ஒருநாள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

"ஏன் அண்ணாச்சி இந்தக் கஷ்டம்? போன்ல எடுத்தா உடனே பாத்துடலாமே?"

"ஒம்ம போன்ல எத்தன படம் கெடக்கு வே?"

"பத்தாயிரம் இருக்கும்."

"அதுல எத்தனையத் திரும்பிப் பாத்தீரு?"

நான் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"அதாம் சொல்லுதேன். ரோல்ல முப்பத்தாறுதான் இருக்குன்னு தெரிஞ்சாத்தான் வே கண்ணு முழிச்சுப் பாக்கும்."

கொள்கை நல்ல கொள்கைதான். ஆனால் அந்த முப்பத்தாறையும் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று பல சமயம் ஒன்றைக்கூட எடுக்கமாட்டார். கஞ்சன் கல்யாணத்துக்குப் போய் மொய்க் கவரைத் திரும்பக் கொண்டுவந்த மாதிரி, போன ரோல் போனபடியே வீடு வரும். வந்ததும் ஃபிரிட்ஜுக்குள் போகும். அண்ணாச்சி சுத்த சைவம். ஆனாலும் ஃபிரிட்ஜ் செய்தவன் முட்டைக்கென்று ஒரு தட்டு வைத்துத்தானே விற்கிறான்? அந்தக் குழிகளில் எல்லாம் ஃபிலிம் டப்பாக்கள் உட்கார்ந்திருக்கும். கறிவேப்பிலை கேட்கப் போன என் மனைவி லதா அதைப் பார்த்துவிட்டு, அவர்கள் வீட்டில் யாருக்கோ பெரிய வியாதி, ஃபிரிட்ஜ் நிறைய மருந்து என்று என்னிடம் வந்து கண்கலங்கினாள்.

தில்லி மெட்ரோவில் ஏறவேண்டுமானால் பையை எக்ஸ்ரே பெட்டிக்குள் தள்ளியாக வேண்டும். அந்தக் கதிர் பட்டால் ஃபிலிம் கெட்டுப்போகும் என்பது அண்ணாச்சியின் கட்சி. அதனால் ரோல்களைப் பையில் வைக்காமல் சட்டை, பேண்ட், ஸ்வெட்டர் என்று உடம்பெல்லாம் ஒளித்துக்கொண்டு வருவார். ஃபிலிம் டப்பா தகரம். மெட்டல் டிடெக்டர் அவரைத் தொட்டதும் பஜனை தொடங்கிவிடும். ஒருமுறை நானும் கூடப் போயிருந்தபோது துவாரகா ஸ்டேஷனில் ஒரு இளம் காவலர் அவர் உடம்பிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் அடுக்கினார். அந்தப் பையன் பிறந்ததிலிருந்தே ஃபிலிம் ரோலைப் பார்த்ததில்லை.

"அங்கிள், யே க்யா சீஸ் ஹை?"

"பையா, இஸ்மே ஃபோட்டோ ஹை."

"திகாவோ."

"நஹி திகேகா. கோலா தோ கதம்!"

உள்ளே படம் இருக்கிறது, காட்டு என்றால் காட்ட முடியாது, திறந்தால் எல்லாம் நாசம் என்று அண்ணாச்சி உண்மையைத்தான் சொன்னார். ஆனால், திறந்தால் 'கதம்' என்று ஒருவர் மெட்ரோ ஸ்டேஷனில் கத்தினால் என்ன நடக்குமோ அது நடந்தது. மேலதிகாரி வந்தார், நாய் வந்தது. நாய் மோந்து பார்த்துவிட்டு வாலை ஆட்டிய பிறகுதான் எங்களை விட்டார்கள். பின்னால் வரிசையில் நின்ற ஜனம் தமிழர்கள் மேல் வைத்திருந்த மரியாதை அன்றோடு போயிற்று.

பிரயாணம் என்றால் இன்னும் விசேஷம். ஊரிலிருந்து யார் வந்தாலும் ஆக்ராவுக்குக் கூட்டிப்போவது தில்லித் தமிழனின் தலையெழுத்து. ஒருமுறை இரண்டு குடும்பமும் சேர்ந்து விருந்தாளிகளோடு கிளம்பினோம். "டிராவலுக்கு ஒரு கேமரா பாடி, ஒரு லென்ஸ். அதுக்கு மேல கொண்டுபோறவன் போட்டோக்காரன் இல்ல, சுமைதூக்கி" என்று முதல்நாள் எனக்குப் பாடம் எடுத்தார். மறுநாள் விடிகாலையில் மூன்று கேமரா, ஐந்து லென்ஸ், முக்காலி சகிதம் கீழே வந்தார். கேட்டதற்கு, "ஒரு ஆத்திர அவசரத்துக்கு இருக்கட்டும் வே" என்றார். முக்காலி என் தோளுக்கு வந்தது. அங்கே போய் மேகம் விலகட்டும், கூட்டம் விலகட்டும், அந்தச் சிவப்புத் தொப்பிக்காரன் விலகட்டும் என்று காத்திருந்தார். எல்லாம் விலகிய நேரத்தில் எங்கள் பஸ்ஸும் விலகிவிட்டது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருந்த ஒரே ஜீவன் அவர் மனைவி செண்பகம் அக்கா. வாய் நிறையப் பேசுவாள், வயிறு நிறையப் போடுவாள். அவள் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் சொசைட்டி விளையாட்டு விழாவுக்குப் பெண்கள் ஓட்டப்பந்தயத்தில் பெயர் கொடுத்துவிட்டு வந்த அன்று அவள் ஒன்று கேட்டாள். நானும் லதாவும் அங்கே காப்பி குடித்துக்கொண்டிருந்தோம்.

"பள்ளிக்கூடத்துல படிக்கையில பாளையங்கோட்டையில எல்லா ஓட்டத்துலயும் நாந்தான் ஃபர்ஸ்ட். போட்டோ எடுக்க வந்தவன் எல்லாரையும் கப்போட நிக்க வச்சே எடுத்துட்டுப் போயிட்டான். நான் ஓடி ஒரு படம் கெடையாது. இந்தத் தடவ நான் ஓடுதத எடுத்துத் தருவியளா?"

அண்ணாச்சி காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் எடுத்த படங்களில் அக்கா அநேகமாக இல்லை. வெளிச்சத்தை அளந்து முடிப்பதற்குள் அவள் அடுப்பைப் பார்க்கப் போயிருப்பாள். "எடுக்கேன் செம்பகம்" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் பிளாக்கில் யாருக்கும் நிம்மதி இல்லை. ஓடுகிற ஆளை எடுக்க நீளமான லென்ஸ் வேண்டும், ஜனவரி மூடுபனிக்கு வேகமான ஃபிலிம் வேண்டும், கேமரா ஆளோடு சேர்ந்து திரும்ப வேண்டும் என்று மாதக்கணக்கில் ஆராய்ச்சி. பயிற்சிக்காக மெயின்ரோட்டில் நின்று போகிற வருகிற ஈ-ரிக்‌ஷாவையெல்லாம் லென்ஸால் துரத்தினார். ஒரு ரிக்‌ஷாக்காரன் அபராதச் சலான் போடத்தான் படம் எடுக்கிறார்கள் என்று பயந்து வண்டியை ஓரங்கட்டி, "சாப், காகஸ் சப் டீக் ஹை" என்று எல்லாம் சரியாக இருக்கிற வண்டிப் பத்திரங்களை நீட்டினான். அண்ணாச்சி அவனைத் திட்டித் தீர்த்தார். "ஏன்டா நிறுத்துன? ஓடுனாத்தானல எடுக்க முடியும்!" அவனுக்குத் தமிழ் தெரியாததால் கும்பிட்டுவிட்டுப் போனான்.

விழாவுக்கு முந்தைய நாள் அக்காவையும் பந்தயம் நடக்கவிருந்த பூங்காவுக்கு இழுத்துப்போய்த் தரையில் சாக்பீஸால் கோடு போட்டார்.

"இந்தக் கோட்டுக்கு நீ வரும்போதுதான் அமுக்குவேன். கரெக்டா இங்கன கால வையி."

"நான் ஓடவா, கோட்டத் தேடவா?"

"ரெண்டும் செய்யி."

விழா அன்று பனி இறங்கிக் கிடந்தது. பக்கத்தில் இருப்பவர் யார் என்பதைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. காலை நிகழ்ச்சிகள் இழுத்துக்கொண்டே போக, அக்காவின் பந்தயத்துக்கு விசில் ஊதும் நேரமும் சோலே பட்டூரா சாப்பாட்டுக் கவுண்டர் திறக்கும் நேரமும் ஒன்றாகிவிட்டன. படம் எடுக்க நின்ற போன்கள் அத்தனையும் பட்டூரா பக்கம் ஓடின. மிச்சம் நின்றது நானும் லதாவும். லதா தன் போனை எடுத்தாள். அக்கா தொடக்கக் கோட்டிலிருந்தே கத்தினாள்: "போன உள்ள வையி லதா! அவரு எடுக்காருல்லா!"

அண்ணாச்சி அவசர அவசரமாகப் புது ரோல் போட்டார். குளிருக்கு அக்கா பின்னிக்கொடுத்த கம்பளிக் கையுறையைக் கழற்றாமலே போட்டார். விசில் ஊதியது.

அக்கா ஓடினாள் பாருங்கள்! புடவையை இழுத்துச் செருகி, காலில் மகன் விட்டுப்போன பழைய ஷூவோடு, பனியைக் கிழித்துக்கொண்டு வந்தாள். கூட ஓடியவர்கள் எல்லாம் சாயங்கால நடைக்கு வந்தவர்கள் மாதிரி பின்தங்கிவிட்டார்கள். கோட்டில் கரெக்டாகக் கால் வைத்தாளா தெரியாது. கேமரா 'டக்' என்றது. முதல் பரிசு எவர்சில்வர் டிபன் கேரியர்.

அண்ணாச்சிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வாழ்நாளில் முதன்முறையாகக் கணக்குப் பார்க்காமல் எடுத்தார். அக்கா கேரியரோடு, அக்கா லதாவோடு, பட்டூரா, வாட்ச்மேன், வாட்ச்மேனின் நாய். கேமரா மேலிருந்த எண் முப்பத்தாறைத் தாண்டியது. "பாத்தீரா வே, கம்பெனிக்காரன் ரெண்டு கூடக் குடுத்திருக்கான்!" என்றார். முப்பத்தெட்டிலும் சிரித்தார். நாற்பதைத் தொட்டபோது சிரிப்பு நின்றுவிட்டது.

ஃபிலிம் கேமராக்காரர்களுக்கு மட்டுமே வாய்க்கும் ஒரு தப்பு உண்டு. ரோலின் நுனியை உள்ளே இருக்கும் உருளையில் சரியாக மாட்டவில்லையென்றால், ஃபிலிம் டப்பாவுக்குள்ளேயே தூங்கும். கேமரா மட்டும் டக் டக் என்று கடமையைச் செய்துகொண்டிருக்கும். ஒவ்வொரு படத்துக்கும் இடதுபக்கக் குமிழ் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும் என்பதை எனக்கே பத்துத் தடவை சொல்லிக்கொடுத்தவர் அவர். குமிழைத் திருப்பிப் பார்த்தார். தொளதொள என்று சுற்றியது. ஒரு படம்கூட விழவில்லை.

அக்கா கேரியரை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். "எப்படி வந்திருக்கு?"

அண்ணாச்சிக்குப் பொய் சொல்ல நல்ல சந்தர்ப்பம். ஃபிலிம் கழுவுகிற லேப் மேல் பழி போட்டிருக்கலாம். அவர் அவளையே பார்த்துக்கொண்டு, "ஃபிலிம் மாட்டல செம்பகம்" என்றார்.

அக்கா திரும்பி வீட்டைப் பார்க்க நடந்தாள். திட்டியிருந்தால் எங்களுக்கு நன்றாக இருந்திருக்கும். அந்த வாரம் முழுக்க அவர்கள் வீட்டிலிருந்து தாளிக்கிற சத்தம் தவிர வேறு சத்தம் வரவில்லை. அண்ணாச்சி பால்கனிக்கே வரவில்லை.

அடுத்த ஞாயிறு காலை எங்கள் ஜன்னலுக்குக் கீழே அக்காவின் குரல் கேட்டது. ஷூ போட்டுக்கொண்டு நின்றாள். மூன்றாம் மாடியைப் பார்த்து, "இறங்கி வாரியளா, இல்ல நான் ஏறி வரவா? இன்னொரு தடவ ஓடுதேன். கையுறையக் கழத்திட்டு வாங்க!" என்றாள். அண்ணாச்சி படிக்கட்டில் இறங்கிய வேகத்தைப் பார்த்தால் அவருக்கும் ஒரு கேரியர் கொடுத்திருக்கலாம்.

அந்த ரோல் கழுவி வந்தது. ஃபோகஸ் தப்பிவிட்டது என்றார் அண்ணாச்சி. அடுத்த ஞாயிறும் அக்கா ஓடினாள். படத்தில் கால் வெட்டுப்பட்டுவிட்டது என்றார். அதற்கடுத்த வாரம் குறுக்கே புறா. இப்படியே பனி போய், ஹோலி வந்து, வெயிலும் ஏறத் தொடங்கிவிட்டது. ஓடுவதைப் பார்க்க வந்த பெண்கள் நாலு பேர் கூடவே ஓட ஆரம்பித்தார்கள். லதாவும் சேர்ந்துகொண்டாள்.

ஒருநாள் சாந்தினி சௌக் பக்கம் எனக்கு வேலை இருந்தது. அண்ணாச்சியின் படங்களை வாங்கி வரலாமே என்று லேபில் நுழைந்தேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும், "உங்க அண்ணாச்சியோட அந்தப் படத்த என் கடையில பெரிசா மாட்டலாம்னு கேட்டேன், ஒத்துக்க மாட்டேங்கறார்" என்று இந்தியில் குறைப்பட்டுக்கொண்டே ஒரு பிரிண்டைக் காட்டினார். முதல் ஞாயிறு எடுத்தது. அக்காவின் இரண்டு கால்களும் தரையில் இல்லை. பின்னல் பின்னால் பறக்கிறது. பள்ளிக்கூடத்துப் பெண் மாதிரி வாய்விட்டுச் சிரிக்கிறாள். ஃபோகஸ் அவள் மூக்குத்தி மேல் நிற்கிறது.

வீடு திரும்பியதும் அண்ணாச்சியைப் பிடித்துக்கொண்டேன். "இவ்வளவு நல்லா வந்திருக்கே, ஏன் அண்ணாச்சி பொய் சொன்னீங்க?"

"மெதுவாப் பேசும்வே." அக்கம்பக்கம் பார்த்தார். "படம் நல்லா வந்துட்டுன்னு சொன்னா, அவ ஓடுதத நிப்பாட்டிருவா. இத்தன வருசம் அடுப்படிக்கும் அலமாரிக்கும் நடந்தவ வே. இப்பம் அவ மொகத்தப் பாத்தீரா?"

சத்தியம் வாங்கிக்கொண்டார். நானும் சத்தியத்தை இரவுச் சாப்பாடு வரை காப்பாற்றினேன். லதாவிடம் சொல்லாமல் சோறு இறங்கவில்லை. அவள் மறுநாளே அக்காவிடம் ஓடினாள். திரும்பி வந்தபோது சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

"அக்காவுக்கு முதல் வாரமே தெரியுமாம்! அலமாரியில அண்ணாச்சியோட ஸ்வெட்டருக்கு அடியில ஒளிச்சு வச்சிருந்த படத்தப் பாத்துட்டாங்களாம். அப்புறம் ஏன் அக்கா ஒண்ணும் சொல்லலன்னு கேட்டேன். 'அவருக்குச் சுகர் இருக்குல்லா? டாக்டர் தலையால அடிச்சும் ஒரு நாள் நடந்தவரு இல்ல. இப்பம் கேமராவத் தூக்கிட்டு எம்பின்னால பூங்காவச் சுத்திச் சுத்தி ஓடுதாரு, பாத்தியா? படம் நல்லாருக்குன்னு சொன்னேன்னு வையி, போர்வைய விட்டு எந்திரிக்க மாட்டாரு'ங்கறாங்க."

போன ஞாயிறு நானும் பூங்காவுக்குப் போனேன். அக்கா முன்னால், அண்ணாச்சி மூச்சு வாங்கப் பின்னால். கடைசிச் சுற்றில் அவர் குனிந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு, "இன்னைக்கும் சரியா விழுந்திருக்காது செம்பகம்" என்றார். "அதனாலென்ன, அடுத்த வாரம் பாப்போம்" என்று அக்கா முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டாள். இரண்டு பேரும் பெரிய புளுகர்கள். நூறு வயசுவரை இப்படியே புளுகிக்கொண்டு இருக்கட்டும்.