சம்பந்தி மாற்றிவிட்டுப் போன பாஸ்வேர்ட்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் என் மனைவியும் நலமாக இருக்கிறோம். அங்கே நீங்களும் உங்கள் வீட்டம்மாவும் நலமென்றும், முழங்காலுக்குச் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளை வேளை தவறாமல் செய்துவருகிறீர்கள் என்றும் நம்புகிறேன். தவறவிடுகிற ஆள் நீங்கள் இல்லை என்பது எனக்குத் தெரியும், முறைக்காகக் கேட்கிறேன். எங்கள் மகளும் உங்கள் மகனும் வேலை பார்க்கும் ஊரில் சுகமாக இருக்கிறார்கள். ஆக எல்லோரும் நலம். இந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான் நலமில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கடைசிவரை பொறுமையாகப் படிக்க வேண்டும்.

நீங்கள் எங்களோடு தங்கியிருந்த நாட்களை நாங்கள் நினைக்காத வேளை இல்லை. இதை மனதாரச் சொல்கிறேன். ஆயுள் முழுக்கத் தொழிற்சாலைக் கிடங்கில் சாவிக்கொத்தும் கையுமாக இருந்தவர் நீங்கள். ஒரு திருகாணிகூட உங்களைக் கேட்காமல் வெளியே போனதில்லை என்று மாப்பிள்ளை பெருமையாகச் சொல்வார். வைத்தியத்துக்கு வந்த இடத்திலும் உங்களால் சும்மா இருக்க முடியவில்லை. வாசல் கேட்டுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டீர்கள். குளியலறை ஜன்னலுக்கு வலை அடித்தீர்கள். பீரோ சாவியை நாங்கள் வைக்கும் இடம் திருடனுக்கு ரொம்ப வசதி என்று சொல்லி வேறு இடத்தில் வைத்தீர்கள். தையல் டப்பாவில் இருந்தது, நேற்றுக் கிடைத்துவிட்டது, நன்றி. இப்படி வீட்டைப் பூட்டிக்கொண்டே வந்த உங்கள் கண்ணில், கூடத்து அலமாரி மேல் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்த அந்த இன்டர்நெட் பெட்டி பட்டது. மாடியில் குடியிருக்கும் போட்டோக்காரர் எங்கள் வைஃபையில்தான் காலம் தள்ளுகிறார் என்பதை வந்த மறுநாளே கண்டுபிடித்துவிட்டீர்கள். "சம்பந்தி, இது கதவைத் திறந்து போட்டுட்டுத் தூங்குற மாதிரி. ஊரே உள்ள வந்து உக்காந்திருக்கு, நீங்க போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டு இருக்கீங்க" என்றீர்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஊருக்குக் கிளம்பும் அன்று காலையில் பாஸ்வேர்டை மாற்றினீர்கள். பெட்டியின் அடியில் ஏதோ எழுத்தும் எண்ணுமாக ஒட்டியிருந்த தாளையும் பாதுகாப்புக்காகச் சுரண்டி எடுத்துவிட்டீர்கள். நகத்தால் சுரண்டி, பிறகு ஈரத்துணியால் துடைத்து, அவ்வளவு சுத்தமாக.

வாசலில் ஆட்டோ நின்றது. நீங்கள் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டு, என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, ஆட்டோக்காரருக்குக் கேட்காதபடி என் காதில் புதுப் பாஸ்வேர்டைச் சொன்னீர்கள். "எங்கயும் எழுதி வைக்காதீங்க, மனசுல வெச்சுக்கங்க" என்றீர்கள். மறுபடியும் ஒரு தடவை சொல்லிவிட்டு, "பதிஞ்சிருச்சா?" என்று கேட்டீர்கள். நான் பலமாகத் தலையாட்டினேன். சம்பந்தி, நீங்கள் தப்பாக நினைக்கக் கூடாது. அந்த நேரத்தில் என் மனசு முழுக்க உங்கள் வெந்நீர்ப் பை வண்டியில் ஏறியதா இல்லையா என்பதிலேயே இருந்தது. நீங்கள் சொன்னது காதில் நுழைந்தது, உட்காரவில்லை. சம்பந்தி பேசும்போது "என்ன சொன்னீங்க?" என்று மறுபடி கேட்பது எங்கள் வீட்டில் பழக்கம் கிடையாது. உங்கள் வீட்டிலும் இருக்காது. பெண்ணைக் கொடுத்தவர்களும் எடுத்தவர்களும் எப்போதுதான் ஒருவரிடம் ஒருவர் "புரியலை" என்று சொல்லியிருக்கிறோம்?

ஆட்டோ தெருமுனை திரும்பியதும் உள்ளே வந்து போனை எடுத்தேன். பாஸ்வேர்ட் கேட்டது. திருதிருவென்று விழித்தேன். அப்போதே உங்களைக் கூப்பிட்டிருக்கலாம். நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்ததும் நீங்களே கூப்பிட்டீர்கள். எடுத்த எடுப்பில், "நெட் எப்படி ஓடுது சம்பந்தி?" என்று ஆசையாகக் கேட்டீர்கள். "பிரமாதமா ஓடுது, முன்னைவிட வேகம்" என்று சொல்லிவிட்டேன். வேகம் என்பதை எதற்குச் சேர்த்தேன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அதன் பிறகு நீங்கள் கூப்பிடும்போதெல்லாம் அதையே கேட்டீர்கள், நானும் அதையே சொன்னேன். பேருந்து நிலையத்தில் மைக்கைப் பிடித்து எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது எவ்வளவு தாமதம் என்று கூசாமல் அறிவித்தே பிழைத்தவன் நான். உங்களிடம் மட்டும் வாய் வரவில்லை. அதனால்தான் கடிதம்.

இனி அவசரத்துக்கு வருகிறேன். வரும் வியாழக்கிழமை காலை என் மனைவிக்கு ஒரு வகுப்பு இருக்கிறது. அவள் கல்யாணத்துக்கு முன்னும், மகள் பிறக்கும் வரையிலும் கணக்கு டீச்சராக இருந்தது உங்களுக்குத் தெரியும். இப்போது வீட்டிலிருந்தே பிள்ளைகளுக்கு இன்டர்நெட்டில் பாடம் நடத்த ஆள் எடுக்கிறார்கள் என்று மகள் சொல்லி, விண்ணப்பம் போட்டு, மாதிரி வகுப்பு ஒன்று எடுத்துக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். உண்மையான பிள்ளைகள் இருப்பார்கள். ஒரு மேற்பார்வையாளர் அம்மா கவனிப்பார். அன்று வராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். செல்போன் சிக்னலில் நடத்தலாமே என்பீர்கள். எங்கள் வீட்டில் அது எங்கே கிடைக்கும் என்று நீங்களே அறிவீர்கள். படிக்கட்டுத் திருப்பத்தில், செருப்பு அடுக்கும் பலகையை ஒட்டி, சுவரில் சாய்ந்தால் கிடைக்கும். அங்கேயும் குரல்தான் வரும், படம் உறைந்து நின்றுவிடும். செருப்புகளுக்கு நடுவே நின்று பின்னம் நடத்த முடியுமா?

நானும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. இணைப்பு கொடுத்த கம்பெனியிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தேன். அவர் பெட்டியைப் புரட்டிப் பார்த்து, "இந்த ஓட்டையில ஊசியை விட்டு அழுத்துனா எல்லாம் பழையபடி ஆயிரும் சார். அடியில ஒட்டியிருக்குமே, அந்தப் பழைய பாஸ்வேர்ட் வேலை செய்யும்" என்றார். அடியில் கண்ணாடிபோலச் சுத்தமாக இருந்தது. "யார் சார் இதை இப்படிச் சுரண்டுனது?" என்று கேட்டார். நான் பேச்சை மாற்றினேன். அழுத்தினாலும் கம்பெனியிலிருந்து மறுபடி திறந்துவிட வேண்டும், அதற்கு ஒரு எண் வரும், அது இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் போனுக்குத்தான் வரும் என்றார். இணைப்பை எடுத்துக் கொடுத்தது மாப்பிள்ளை. மாப்பிள்ளையைக் கேட்டால், "அப்பா சொல்லிட்டுப் போனாரே மாமா" என்பார். மகளைக் கேட்டால் சிரிப்பாள். சிரித்தால் மாப்பிள்ளை ஏன் என்று கேட்பார். கம்பி வழியாகச் சொருகிக்கொள்ளலாம் என்றால், மனைவியின் டேப்லெட்டில் அந்தக் கம்பிக்கு வாயே இல்லையாம். எந்தப் பக்கம் போனாலும் உங்கள் வீட்டு வாசலில்தான் வந்து நின்றேன். போதாததற்கு மாடி போட்டோக்காரர் இறங்கி வந்து, "சார், நம்ம நெட் என்னாச்சு? எனக்கு வேலை கெடுதுல்ல" என்று என்னிடம் கோபித்துக்கொண்டார். நான் அவரிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

பிறகு ஒரு யோசனை வந்தது. மனிதன் தனக்குப் பிடித்ததைத்தானே பாஸ்வேர்டாக வைப்பான்? உங்கள் பெயரைப் போட்டேன். மாப்பிள்ளை பெயரைப் போட்டேன். வீட்டம்மா பெயரைப் போட்டேன், கடைசியாகத்தான் தோன்றியது, அதற்கு அவர் மன்னிக்க வேண்டும். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே, "இன்னொன்னு போட்டுப் பாருங்க" என்றாள். எனக்குத்தான் தலை வெடித்தது; அவள் முகத்தில் ஒரு பதற்றம் இல்லை. என்ன நெஞ்சுரம் என்று வியந்தேன். சரக்கு தீர்ந்ததும் படிக்கட்டுத் திருப்பத்துக்குப் போய் உங்கள் வீட்டம்மாவைக் கூப்பிட்டேன். நைசாகப் பேச்சோடு பேச்சாக உங்கள் பிறந்த தேதியைக் கேட்டேன். நீங்கள் முதலில் வாங்கிய ஸ்கூட்டரின் எண்ணைக் கேட்டேன். பிடித்த நிறம், படித்த பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் கேட்டேன். "எதுக்குண்ணா இதெல்லாம்?" என்றார். "சும்மாதாம்மா" என்றேன். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "புரிஞ்சுடுச்சுண்ணா. அவருக்கு ஏதோ பண்ணப்போறீங்க. நான் வாயைத் திறக்க மாட்டேன். சட்டை அளவும் சொல்லிடறேன், குறிச்சுக்கங்க" என்றார். குறித்துக்கொண்டேன். வீட்டுக்குள் போய் அதையும் போட்டுப் பார்த்தேன். திறக்கவில்லை.

அவர் வாயைத் திறக்காமல் இருக்கவில்லை என்பது நேற்று நீங்கள் பேசியபோது தெரிந்தது. "எதுக்கு சம்பந்தி உங்களுக்கு வீண் சிரமம்? நமக்குள்ள என்ன? ஆனா எனக்கு முழுக்கைதான் பிடிக்கும்" என்றீர்கள். நான் பேச்சை உங்கள் முழங்காலுக்குத் திருப்பினேன். இதை நேராகச் சொல்லிவிடுகிறேன்: அப்படி ஒரு ஏற்பாடும் இல்லை. நீங்கள் ஆசையாகக் காத்திருப்பீர்களே என்று நினைக்கும்போது எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

இவ்வளவு அமளி எதற்கு, ஒரு வகுப்புத்தானே, போனால் போகட்டும் என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை பின்னறையில் அவள் தனியாகப் பேசும் சத்தம் கேட்டது. கதவு ஒருக்களித்திருந்தது. இஸ்திரி போட வேண்டிய துணிக் குவியலைப் பார்த்து அவள் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். ஒரு ஜாடியில் பாதி தண்ணீர் இருந்தது. "அரையைக் காலால வகுக்கணும்னா பயப்படாதீங்க. இந்த டம்ளர்ல ஜாடியில கால்பங்கு பிடிக்கும். அரை ஜாடித் தண்ணி இருக்கு. எத்தனை டம்ளர் ஊத்தலாம்? அவ்வளவுதான் கேள்வி" என்று சொல்லி ஊற்றிக் காட்டினாள். இரண்டு டம்ளர். சம்பந்தி, பின்னத்தைப் பின்னத்தால் வகுத்தால் விடை ஏன் பெரிதாகிறது என்பது பள்ளிக்கூடத்தில் யாரும் எனக்குச் சொல்லாதது. தலைகீழாக்கிப் பெருக்கு என்று அடித்துச் சொன்னார்கள், பெருக்கினேன். ஞாயிற்றுக்கிழமை கதவிடுக்கில் நின்றுதான் எனக்குப் புரிந்தது. எனக்கு வாய்த்தவள் இவ்வளவு கெட்டிக்காரி என்று பெருமையாகவும் இருந்தது, இத்தனை காலம் துணிக் குவியலுக்கும் எனக்கும் மட்டும் பேசிக்கொண்டிருந்தாளே என்று துக்கமாகவும் இருந்தது. உள்ளே போய் அதைச் சொல்லியிருக்கலாம். உள்ளே போய், "காபி இருக்கா?" என்று கேட்டேன்.

ஆகவே உங்களைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். இந்த வகுப்பு அவளுக்குக் கிடைத்தாக வேண்டும். இன்று செவ்வாய்க்கிழமை. இதைக் கூரியரில் கொடுத்தால் நாளைக் காலை உங்கள் கையில் இருக்கும் என்று கடைக்காரர் உறுதி சொல்கிறார். படித்ததும் என்னைக் கூப்பிட்டு, நலம்கூட விசாரிக்காமல், நெட் எப்படி ஓடுகிறது என்றும் கேட்காமல், அந்தப் பாஸ்வேர்டை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள். நான் யார் சொன்னது என்று காட்டிக்கொள்ள மாட்டேன். என் மனைவிக்கு இந்தக் கடிதம் பற்றித் தெரியாது.

உங்கள் வீட்டம்மாவுக்கு எங்கள் அன்பும் வணக்கமும். உங்கள் முழங்கால் விரைவில் மாடி ஏறி இறங்கும் பலம் பெற்று, நீங்கள் மீண்டும் எங்கள் வீட்டுக்கு வந்து, எதையும் தொடாமல் நிம்மதியாக ஓய்வெடுக்க வேண்டும் என்று விரும்பும்,

உங்கள் அன்புச் சம்பந்தி.

பி.கு.: இன்று வியாழக்கிழமை. கடிதம் கூரியருக்குப் போகவில்லை. உறையில் பசை தடவப்போன நேரத்தில் என் மனைவி வந்து, "யாருக்கு? குடுங்க, பிழை பாக்கறேன்" என்று சிவப்புப் பேனாவோடு வாங்கிக்கொண்டாள். முதல் பக்கத்தில் மூன்று இடத்தில் சுழித்தாள். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. பிறகு எழுந்துபோய் டேப்லெட்டை எடுத்து, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எதையோ தட்டினாள். வைஃபை வந்துவிட்டது. ஊருக்குக் கிளம்பிய அன்று காலைப் பலகாரம் பரிமாறும்போதே நீங்கள் அவளிடம் பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டீர்களாமே! அன்றிலிருந்து அவளுக்குத் தெரியும். "எனக்குப் பயமா இருந்துச்சுங்க. நெட் இல்லைன்னா வகுப்பு இல்லை. வகுப்பு இல்லைன்னா, இவளுக்கு எல்லாம் மறந்து போச்சுன்னு யாரும் சொல்ல முடியாதுல்ல" என்றாள். "எனக்கே புரிஞ்சுதேம்மா" என்றேன்.

கடிதத்தை இனி எதற்கு அனுப்புகிறீர்கள் என்பீர்கள். சட்டை விஷயத்தை எழுத்திலாவது தெளிவுபடுத்த வேண்டும் என்றுதான் நினைத்தேன். மனைவியோ, முழுக்கைச் சட்டையே வாங்கி இதோடு வைத்து அனுப்பச் சொல்லிவிட்டாள். பார்சலில் இருக்கிறது. ஆகவே அப்படி ஓர் ஏற்பாடும் இல்லை என்று மேலே எழுதியதையும் அடித்துவிட்டுப் படிக்கவும்.

நான் கூடத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பின்னறைக் கதவு சாத்தியிருக்கிறது. நான் இருமக்கூடாது என்று உத்தரவு. உள்ளே ஒரு பிள்ளை, "மிஸ், புரியலை, இன்னொரு தடவை சொல்லுங்க" என்கிறது. ஜாடியில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கிறது. அவள் இன்னொரு தடவை சொல்கிறாள்.