டாக்டர் ஏறிய மேடு

மேட்டின் பாதியிலேயே பல் டாக்டருக்கு நாக்கு தள்ளிவிட்டது. பழைய சைக்கிளில் தண்ணீர் கேன் கட்டிக்கொண்டு வந்தவர்கூட அவரைத் தாண்டிப் போனார். டாக்டர் தன் புத்தம்புது சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளினார்.

ஞாயிற்றுக்கிழமை டிரையத்லான். நீந்தி முடித்து, சைக்கிள் மிதித்து, கடைசியில் ஓட வேண்டும். நடுவில் இதே மேடு.

"அன்னைக்கு மட்டும் இறங்கித் தள்ளுன, நீ யாருன்னே தெரியாதுன்னு சொல்லிடுவேன்ப்பா" என்று சொன்ன மகள், தோழிகளை வேறு அழைத்திருந்தாள்.

சைக்கிள் கடைக்காரர் கியரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இது பழகினவங்களுக்கு சார். பின்னாடி பெரிய பல்சக்கரம் போட்டா லேசா ஏறும்."

போட்டார். டாக்டருக்குப் பல்லைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருப்திப்பட்டார். கடை வாசலில் சுற்றிவிட்ட சக்கரம் நிற்கவே இல்லை.

வீட்டு வாசலில் மாமனார் நின்றிருந்தார். காலமெல்லாம் பஸ் ஓட்டி, ஒரு கீறல்கூட விழாமல் ஓய்வு பெற்றவர்.

"வண்டி எப்படி மாப்பிள்ளை?"

"பறக்குது மாமா!"

"பறக்குதா?" மாமனார் சைக்கிளை மேலும் கீழும் பார்த்தார். "இறக்கத்துல பார்த்துப் போங்க."

மறுநாள் மேட்டில் நிலைமை முன்னைவிட மோசம்.

"அப்போ முன்னாடி சின்னது போடலாம்" என்றார் கடைக்காரர். போட்டதும் செயின் தொங்கியது. செயினை வெட்டினார். "இனி மலையே ஏறலாம் சார்!"

அதையும் மாமனாரிடம் பெருமையாகச் சொன்னார் டாக்டர். விடிந்ததும் பார்த்தால் கால்கள் பம்பரமாய்ச் சுற்றின, வண்டி ஆமையாய் நகர்ந்தது.

"குறை வண்டியில இல்ல. என் கால்லதான்" என்று மனைவியிடம் உடைந்துபோய்ச் சொன்னார். "போட்டியே வேண்டாம்."

"அதை உங்க பொண்ணுகிட்ட நீங்களே சொல்லுங்க."

அந்தத் தைரியம் அவருக்கு வரவில்லை.

ஞாயிறன்று எல்லோரும் அவரைத் தாண்டிப் போனார்கள். தொடை எரிந்தது, கண்ணில் நீர் முட்டியது. இறங்கவில்லை. ஓடி முடித்து வரும்போது பந்தலையே பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"நீ இறங்கவே இல்லப்பா!" மகள் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். பாவம், டாக்டர் அழுதேவிட்டார்.

மாமனார் மட்டும் சைக்கிளையே பார்த்தபடி தயங்கித் தயங்கி அருகில் வந்தார்.

"வேகமாப் போய் விழுந்துடுவீங்களோன்னு பயந்து, கடையிலேர்ந்து நீங்க வர்றப்பல்லாம் பின்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமா இறுக்கி வெச்சது நான்தான் மாப்பிள்ளை... அதோடவா அந்த மேட்டுல ஏறினீங்க?"