பாஸ் சொன்ன பிறகுதான் அடிக்கணும்

காம்போ கேப்டன் என்றோர் இனம் இப்போது ஆம்பூர்ப் பக்கம் நன்றாகப் பெருகிவருகிறது. செல்போனில் டிராகன் வேட்டை எங்கே உண்டோ அங்கே இவர் உண்டு. நாலைந்து பேர் சேர்ந்து, ஒருவர் அடி ஓய்வதற்குள் அடுத்தவர் அடி விழும்படி வரிசையாகத் தாக்குவதுதான் காம்போ. கேப்டன் அடிக்க மாட்டார். அவருக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது?

நான் அறிந்த கேப்டன் எபனேசர். ஷூ கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். தைத்து வரும் தோலைப் புரட்டி, நூலை இழுத்து, வெளிச்சத்தில் சாய்த்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, கடைசியில் 'பாஸ்' என்று அவர் சொன்னால்தான் அது அடுத்த மேஜைக்குப் போகும். டிராகனுக்கும் அதே சட்டம்தான்.

ஜும்மா தொழுகைக்காக அங்கே வெள்ளிக்கிழமை மதிய இடைவேளை நீளம். குழுவில் ஒருவரான நயீம் அகமது பள்ளிவாசலிலிருந்து திரும்பியதும் வேட்டை. அதற்கு முன்பே கேப்டனின் சுற்றறிக்கை வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடும்: சார்ஜ் எவ்வளவு, சிக்னல் எத்தனை கோடு, சாப்பிட்டாச்சா, கை கழுவியாச்சா? குழம்புக் கையால் திரையைத் தொட்டு யாரோ ஒருமுறை சொந்த ஆளையே எரித்துவிட்டார்களாம். அது யார் என்று மட்டும் கேட்கக் கூடாது.

அந்த வெள்ளி கௌசருக்கு முக்கியமானது. தையல் மெஷினில் வேலை பார்க்கும் கௌசர், விளையாட்டில் வில்லாளி. பொன் சிறகு என்ற பரிசுக்காக ஆறு மாத இடைவேளைகளைக் கொடுத்தவள். கல் டிராகன் செத்தால் சிறகு அவளுக்கு. இரண்டு மணியோடு அந்த டிராகன் விளையாட்டிலிருந்தே போய்விடும்.

திட்டம் எளிது. குழுவின் மந்திரக்காரி ஜோதி, தன் மந்திரத்தால் டிராகனைக் கட்டிப்போட வேண்டும், நயீம் அதன் கவசத்தை உடைக்க வேண்டும், கௌசர் நெருப்பு அம்பு விட வேண்டும். கட்டு நிற்பது நாலே விநாடி.

ஜோதி கட்டினாள். நயீம் உடைத்தார்.

"அண்ணே, அடிக்கட்டா?" என்றாள் கௌசர்.

"இரும்மா. நயீம் பாய், முழுசா உடைஞ்சுதா? இடது ஓரத்துல இன்னாவோ நிக்குதே."

"உடைஞ்சிடுச்சு சார், பேஜார் பண்ணாதீங்க!"

"நான் இன்னும் பாஸ் சொல்லல..."

டிராகன் எழுந்தது. வில்லை வளைத்தபடியே கௌசரின் வில்லாளி எரிந்துபோனாள். இடைவேளை முடிந்து கம்பெனிச் சங்கு ஊதியது. கௌசர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெஷினுக்குப் போனாள். எனக்கே மனசு கேட்கவில்லை.

சாயங்காலம் கேப்டன் எழுதினார்: "தோல்வி பெரிதல்ல. கௌசர் கடைசி வரை உத்தரவுக்குக் காத்திருந்தார். இதுதான் ஒழுக்கம். மற்றவர்கள் கற்றுக்கொள்ளவும்." அதற்குக் கீழே ஒரே வரி: 'கௌசர் குழுவிலிருந்து வெளியேறினார்.'

மறுவாரம் அவளே ஒரு குழு தொடங்கினாள். ஜோதியும் நயீமும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். புது டிராகன், புதுச் சிறகு, கேப்டன் தொல்லை கிடையாது. நானும் ஆசையாக எட்டிப் பார்த்தேன். ஜோதி கட்டினாள். நயீம் ஆயுதத்தை ஓங்கினார்.

"இருங்க பாய்," என்றாள் கௌசர். "எல்லாரும் ரெடியா? ஒவ்வொருத்தரா சொல்லுங்க."

நாலு விநாடி போயே போய்விட்டது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் இதை உங்கள் குடும்பக் குழுவில் போட்டுவிட்டு, 'படிச்சவங்க கட்டைவிரல் போடுங்க, இன்னும் மூணு பேர் போடல' என்று எழுதக் கை பரபரக்கிறதா? எபனேசருக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது.