ரெண்டு வரி அண்ணாச்சி

இடுக்கி மலையில் யானைக்குப் பயப்படாதவர்கள் உண்டு. ஜாவாஸ்கிரிப்ட்டுக்குப் பயந்து நான் பார்த்த ஒரே மனுஷன் எங்கள் ரெண்டு வரி அண்ணாச்சிதான்.

மூணாறில் எங்கள் வெப்சைட் ஆபீஸ். ஆட்கள் மூன்று, நாற்காலி இரண்டு. மவுஸைக் கொண்டுபோனால் பட்டன் நிறம் மாற வேண்டும் என்பார் ரிசார்ட் முதலாளி; எங்கள் தொழிலில் அதற்கு ஹோவர் என்று பெயர். நான் ஜாவாஸ்கிரிப்ட்டில் இருபது வரி எழுதி அதைக் குட்டிக்கரணம் போட வைப்பேன். அண்ணாச்சி தலையில் அடித்துக்கொள்வார்.

"நெறம் மாற, அலங்காரத்துக்குன்னே இருக்க சி.எஸ்.எஸ்.ல ரெண்டு வரி போதும்டே! இதுக்குப் போயி ஸ்கிரிப்ட்டா? சைட்டு கனத்துப் போயி தெறக்காதுடே!"

ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளை சாஃப்ட்வேர்காரர் என்று கேள்விப்பட்டு, "ஹோவருக்கு எது போடுதீக?" என்று மேடையிலேயே கேட்டார். பதில் பிடிக்காமல் சாப்பிடாமல் வந்துவிட்டார்.

எந்த சைட்டானாலும் அவரிடம் ஒரு பரீட்சை உண்டு. மனைவி எஸ்தர் மதினியின் பழைய போனை வாங்கிவந்து, சிக்னல் ஒரே கோடு காட்டும் பள்ளிவாசல் ரோட்டு வளைவில் நின்று திறப்பார். திறந்தால் பாஸ்.

அன்று என் சைட்டுக்குப் பரீட்சை. நல்ல மழை. ஒரே குடைக்குள் இருவரும் நின்றோம். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நடுவில் போன் அடித்தது, எஸ்டேட் வரிசை வீடுகளில் மேல் லயத்து மேரியக்கா.

"எஸ்தரு கூட்டாளி. சாயங்காலம் பேசிக்கிடுவா" என்று கட் செய்தார். மறுபடி அடித்தது. "இப்பத்தான் தெறக்குதுடே!" என்று மறுபடி கட் செய்தார்.

மேலே மண் சரிவதைப் பார்த்துவிட்டு, அண்ணாச்சி வீடு இருந்த கீழ் லயத்துக்காரர்களை வெளியே ஓடச் சொல்லத்தான் மேரியக்கா ஒவ்வொருவராகக் கூப்பிட்டிருக்கிறார். அண்ணாச்சி போனை எடுத்திருந்தால், "அவ காய்ச்சல்ல படுத்திருக்கா, கதவத் தட்டுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். மதினியை மூன்றாம் நாள்தான் மண்ணுக்குள்ளிருந்து எடுத்தார்கள்.

என் இருபது வரி இல்லாமல் இருந்திருந்தால் சைட் உடனே திறந்திருக்கும், அண்ணாச்சி போனை எடுத்திருப்பார். இதை நான் அவரிடமே சொல்லி அழுதேன். "கட் பண்ணது என் வெரலுடே" என்றார்.

நாற்பதாம் நாள் ஜெபத்துக்கு முன்னால், மதினி நினைவாக ஒரு பக்கம் செய்யச் சொன்னார். "ஸ்கிரிப்ட்டோ என்னமோ, ஒனக்குப் பிடிச்ச மாதிரி செய்யி."

மங்கலாக ஒரு படம். விரல் பட்டால் மதினி முகம் தெளியும். அதே வளைவில் நின்று திறந்தார். உடனே திறந்தது. தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எத்தன வரிடே?"

"ரெண்டுதான் அண்ணாச்சி."

இப்போதும் அந்தப் போனோடுதான் வளைவுக்குப் போகிறார். நானும் எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டுக் கூடவே போகிறேன். போன் அடித்தால், சைட்டை விட்டுவிட்டு எடுங்க என்று சொல்ல அவர் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டுமே.