மூன்றாவது பிரவுசரில் வந்தவர்

கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவனைப் பெண் பார்க்க அழைத்துப் போனால், அந்த வீட்டுக் கம்ப்யூட்டரைப் போர்வை போட்டு மூடி வைப்பது இரு தரப்புக்கும் நல்லது. என் விஷயத்தில் யாரும் மூடவில்லை.

மேனாம்பேட்டிலிருந்து அம்மாவும் நானும் மட்டும் ஆவடிக்குப் போயிருந்தோம். பெண்ணின் அப்பா மதுரைக்காரர், தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் குடியிருந்தார். சுற்றிலும் வேப்பமரங்கள், மத்தியான வேளையிலும் ஹாலுக்குள் இருட்டு. பெண் தேன்மொழியும் அவள் அப்பா அம்மாவும் எதிரே உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஜ்ஜி வந்தது, காபி வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை.

“தம்பியோட அப்பா...” என்று அவள் அப்பா மெல்ல இழுத்தார்.

“அவரு தவறிப் பூட்டு மூணு வருசமாவுதுங்க” என்றாள் அம்மா.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தேன்மொழியின் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சரியாகச் சோறு இறங்கவில்லை. இந்த இடம் கைநழுவினால் நான் அவ்வளவுதான் என்று முடிவே கட்டியிருந்தேன்.

எதையாவது பேசிச் சமாளிக்க வேண்டுமே! மூலையில் கம்ப்யூட்டர் கண்ணில் பட்டது. எப்படி ஓடுகிறது என்று கேட்டேன்.

“ரொம்ப மெதுவாத்தேன் ஓடுது” என்றார் அவள் அப்பா.

“மெஷின்ல தப்பில்ல சார், பிரவுசர்தான். எது வேகம்னு ஒரு பந்தயம் வெச்சுப் பார்த்துடலாம்.” (எவன் கேட்டான்?)

மூன்று பிரவுசர்கள் இருந்தன. வீட்டில் ஆளுக்கொன்று. மூவரும் எழுந்து வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். “வேண்டாமே” என்று தேன்மொழி சொன்னது காதில் விழுந்தது. வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். (அப்போது என் புத்திக்கு எட்டியது அவ்வளவுதான்.)

முதல் பிரவுசரில் ஒரே ஒரு எழுத்துதான் தட்டினேன். என் முழுப்பெயரையும் இனிஷியலோடு அதுவே எழுதிக்கொண்டது. பக்கத்தில் “வேலை உண்மையா” என்று வேறு. திரையின் கறுப்பு ஓரத்தில் மூன்று முகங்கள் தெரிந்தன. ஒன்றுகூட இமைக்கவில்லை.

“இது... பரவாயில்லை, வேகம்தான்” என்று உளறிவிட்டு இரண்டாவதைத் திறந்தேன். கடைசியாகப் பார்த்த பக்கம் தானாகவே வந்து நின்றது. கல்லூரி நாடகத்தில் நான், புடவையும் கொண்டையுமாக.

பின்னால் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மூன்றாவதுதான் மெதுவானது. முதலில் மங்கலாக ஏதோ. பிறகு கட்டம் கட்டமாகத் தெளிந்தது. ஒரு தென்னை, ஒரு மதில், நீலக் கேட்டு.

“டேய், இது நம்ம ஊடு மாதிரி கீதே!” அம்மாவும் எழுந்து வந்துவிட்டாள். “தோ, துணி காயப் போட்டுக்கினு கீறது நான்டா. ஐயோ, என் மூஞ்சி எங்கடா போச்சு?”

தெருவைப் படமெடுத்து மேப்பில் போடுகிறவர்கள் முகங்களை அழித்துவிடுவார்கள். அது எனக்குத் தெரியும். இருந்தும், முகமில்லாத அம்மா திரையிலும் முகத்தோடு அம்மா தோள்பக்கத்திலும் நின்றபோது மாறி மாறித் திரும்பிப் பார்த்தேன்.

கடைசிக் கட்டமும் தெளிந்தது. கேட்டோரம் பிளாஸ்டிக் நாற்காலி. அதில் லுங்கியும் கை வைத்த பனியனுமாக ஓர் ஆள், முகமில்லாமல்.

“அப்பா தவறிட்டாகன்னு ஜாதகம் குடுத்தப்பவே சொன்னீக” என்றார் தேன்மொழியின் அப்பா. “வாசல்ல உக்காந்திருக்காகளே, இவுக யாரு? இதப் பாத்ததுலேர்ந்து எங்களுக்குத் தூக்கமே இல்ல.”

பழைய படம், மூலையில் தேதி இருக்கும், காட்டியிருக்கலாம். அத்தனை பிரவுசர் வித்தை பேசிய நான் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று வருஷம் கழித்து அப்பாவைப் பார்க்கிறேன், அதுவும் இப்படி வித்தை காட்டுகிற இடத்தில். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அம்மா பயப்படவில்லை. திரையில் விரலை வைத்தாள். “அவருதான். லுங்கில ஒட்டு பாருங்க, நான்தான் தெச்சேன். உசுரோட இருந்தப்போ எவனோ எடுத்துக்கீறான், எங்களுக்குத் தெரியவே தெரியாது.”

தேன்மொழி என் பக்கத்தில் வந்து மவுஸை வாங்கினாள்.

“பெருசு பண்ணிக் காட்டவா, அத்தே?”

அந்த ‘அத்தே’யில் அவள் அப்பா திரும்பிப் பார்த்தார். பிறகு, “இன்னொரு காபி போடு” என்று மனைவியிடம் சொன்னார்.

இப்போதும் விசேஷங்களில், மாப்பிள்ளைக்கு முன்னால் மாமனாரைப் பார்த்தவள் என்றுதான் தேன்மொழியை அறிமுகப்படுத்துகிறார்கள். நான், பந்தயம் வைத்த மாப்பிள்ளை.

அம்மாவுக்கு ஒரு பழைய டேப்லெட் இருக்கிறது. சாயங்காலமானால் அந்தப் படத்தைத் திறந்துகொண்டு உட்காருவாள். தெளிவதற்குள் காபி ஆறிவிடும். போன மாதம் வேகமான பிரவுசர் ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். தொட்டவுடன் அப்பா வந்துவிட்டார். அம்மாவுக்குக் கோபம்.

“இன்னாடா இது? பழசையே போட்டுக் குடு. அந்த மனுசன் என்னிக்குடா ஊட்டுக்குச் சீக்கிரம் வந்தாரு?”