நாலும் பறக்குது

விண்ணப்பப் படிவத்தின் ஏழாவது கேள்வியோடு முத்தலிபு ஒரு மணி நேரமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். முன்னர் பணிபுரிந்த நிறுவனங்கள் எவை, அவற்றை விட்ட காரணம் என்ன என்று அது கேட்டது.

"உள்ளத எழுதுங்களன்," என்றாள் மனைவி பளீலா.

"உள்ளத எழுதுறதா? நாலு விமானக் கம்பனி. நாலும் இழுத்து மூடி மௌத்து. காரணம் எண்ட இடத்தில ஜனாஸா எடுத்தாச்சு எண்டு எழுதவா?"

பதினாறு வருடம் அவர் வேலை பார்த்தது கடலே இல்லாத ஒரு சின்ன நாட்டில். நாலு பக்கமும் அடுத்தவன் மண். விமானம் மேலே ஏறி நேராவதற்குள் அடுத்த நாடு வந்துவிடும். அப்படிப்பட்ட நாட்டுக்குச் சொந்த விமானக் கம்பனி இல்லாவிட்டால் மரியாதை இல்லை என்று ஒவ்வொரு அரசாங்கமும் ஒன்றைத் தொடங்கியது. அடுத்த அரசாங்கம் அதை மூடிவிட்டு வேறு பெயரில் இன்னொன்றைத் தொடங்கியது. விமானம் ஒன்றுதான். வாலில் அடிக்கும் பெயின்ற் மட்டும் மாறும். முத்தலிபும் மாறவில்லை. பொதிகள் பகுதியில் சேர்ந்தவர், ஒவ்வொரு கம்பனியும் மூடும்போது சாமான்களைப் பங்கிட்டு, ஊழியர்களைச் சமாதானப்படுத்தி, கடைசியாகக் கதவைப் பூட்டிச் சாவியை ஒப்படைக்கிற ஆளாகவும் ஆகிப்போனார்.

நாலாவது கதவையும் பூட்டிவிட்டுப் போன வருடம் சொந்த ஊரான கற்பிட்டிக்குத் திரும்பினார். ஊரில் எப்படியோ கதை பரவிவிட்டது. கடற்கரையில் புதுப் படகு இறக்கும் நாளில் அவரைக் கண்டால், "முத்தலிபு நானா, கொஞ்சம் அங்கால நில்லுங்களன்," என்பார்கள். சொந்த மச்சான் நெய்னார் லொறி வாங்கியபோது, அதற்கு முதன்முதலாக டீசல் அடித்து முடியும்வரை அவரை வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொன்னான்.

அப்படியிருக்கத்தான் அந்த விளம்பரம் வந்தது. உச்சமுனைத் தீவுக்கு ஆளேற்றும் படகுச் சேவைக்கு முகாமையாளர் தேவை. போக்குவரத்து நிறுவன அனுபவம் அவசியம். ஆறு மாதம். ஆறு மாதம் என்பது பயிற்சிக் காலம் என்று முத்தலிபு தானே முடிவு செய்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மகள் ஷிஹாராவைப் பெண் பார்க்க நுரைச்சோலையிலிருந்து வருகிறார்கள். "பிள்ளைட வாப்பா இப்ப என்ன செய்றார்?" என்று மாப்பிள்ளையின் உம்மா தொலைபேசியில் இரண்டு தரம் கேட்டுவிட்டார். முகாமையாளர் என்று ஒரு சொல் கிடைத்தால் போதும்.

ஆகவே காரணம் என்ற இடத்தில் நாலு தரமும் 'குடும்ப நிமித்தம்' என்று எழுதினார்.

பளீலா எட்டிப் பார்த்தாள். "நாலுதரமும் குடும்பமா? வாசிக்கிறவன் என்னப் பத்தி என்ன நினைப்பான்?"

செவ்வாய்க்கிழமை தொலைபேசி அடித்தது.

"சேர், நான் படகுச் சேவைக் கந்தோர்ல இருந்து கில்பட். முதலாளி உங்கட படிவத்தைப் பாத்தவர். இந்த நாலு கம்பனியும் இப்பவும் ஓடுதோ?"

"ஓடுறதா? பறக்குது!"

"நாலுமா?"

"நாலும்."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. பொறாமை என்று முத்தலிபு நினைத்தார்.

"எதுக்கும் ஆரிட்டயாவது விசாரிக்கோணும், சேர். முதலாளிட ஓடர்."

"கொழும்புக் கிளைப் பொறுப்பாளர் நம்பர் தாறன்," என்று சொல்லி நெய்னாரின் நம்பரைக் கொடுத்தார். கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் பாலாவிக்கு ஓடினார்.

நெய்னார் சந்தியில் லொறிக்கு உப்பு ஏற்றிக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொல்லி முடிக்கவும் கில்பட்டின் அழைப்பு வரவும் சரியாக இருந்தது. நெய்னார் குரலைக் கனமாக்கிக்கொண்டு, "விமானக் கம்பனி, கொழும்பு," என்றான்.

பின்னால் ஒரு பஸ் கொண்டக்டர், "சிலாபம், நீர்கொழும்பு, கொழும்பு!" என்று கத்தினான்.

"அதுவா தம்பி? பயணிகளுக்கு அறிவிப்புக் குடுக்காங்க," என்றான் நெய்னார். ஒரு சீமெந்து லொறி ஹோர்ன் அடித்தது. "அது நம்மட புது விமானம். சத்தம் கொஞ்சம் கூடத்தான்."

முத்தலிபு போதும் என்று கையைக் காட்டினார். நெய்னாருக்கோ கதை சூடு பிடித்துவிட்டது.

"முத்தலிபு சேரா? அவர் போன நாள்ல இருந்து எங்களுக்குச் சோறு தொண்டையில இறங்குதில்ல. எப்படியும் திரும்பக் கூட்டிட்டுப் போறதுதான். டிக்கட்டும் போட்டு வெச்சிரிக்கம்!"

முத்தலிபு அவன் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினார். "ஆ!" என்று ஒரு சத்தத்தோடு கொழும்புக் கிளை துண்டிக்கப்பட்டது.

"என்ன மச்சான், நல்லாத்தானே சொன்னன்?"

"நல்லாச் சொன்னாய். இனி நான் இந்த வேலையில இருக்க மாட்டன் எண்டுதானே அவன் நினைப்பான்!"

கில்பட் அதைத்தான் நினைத்தான். முத்தலிபுக்குத் திரும்ப அழைத்து, வியாழக்கிழமை பின்னேரம் நேரே வீட்டுக்கு வந்து கதைப்பதாகச் சொன்னான்.

வியாழன் பகல் முழுக்க வீடு அல்லோலகல்லோலப்பட்டது. ஜன்னலில் திரையாகத் தொங்கியது முதலாவது கம்பனியின் போர்வை. பாண் வெட்டுவது இரண்டாவது கம்பனியின் தட்டத்தில். பயணிகள் வாந்தி எடுக்கக் கொடுக்கும் கடதாசிப் பைகளில் பளீலா மிளகாய்த் தூள் கட்டி வைத்திருந்தாள். அலுமாரிக்கு மேல் பன்னிரண்டு உயிர்காப்பு அங்கிகள். கடலில் விழுந்தால் போட்டுக்கொள்ள என்று, கடலே இல்லாத நாட்டில், பதினாறு வருடம் சீட்டுக்கடியில் கிடந்தவை.

"எல்லாத்தையும் ஒளி," என்றார் முத்தலிபு. "ஓடுற கம்பனி தன்ட போர்வையக் கழட்டித் தருமா எண்டு கேப்பான்."

ஒளித்து முடிந்ததும் பளீலா கேட்டாள்: "இப்ப வாறவருக்குத் தேத்தண்ணிய எதில குடுக்கிற? கோப்பையெல்லாம் மூண்டாவது கம்பனி."

"பக்கத்து வீட்டு மக்தலேனாக்கிட்ட வாங்கு."

கில்பட் மோட்டார் சைக்கிளில் வந்தான். முப்பது வயதிருக்கும், அமைதியான ஆள். கதிரையில் உட்கார்ந்து வெறும் ஜன்னலைப் பார்த்தான். "சேர், நேரடியாக் கேக்கிறன். அதில ஒரு கம்பனிக்காவது ஏதும் கஷ்டம் வந்ததில்லையோ?"

"ஒரு தூசி விழுந்ததில்ல."

"சின்னதா ஒரு நட்டம்? ஆக்களை நிப்பாட்டினது?"

"என்ன கதை தம்பி இது? நான் கால் வெச்ச இடமெல்லாம் பரக்கத்துத்தான்."

கில்பட்டின் முகம் வாடியது. அந்த நேரம் மக்தலேனா தானே கோப்பைகளைத் தட்டில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். கோப்பைகளின் வயிற்றில் நீல எழுத்தில் மூன்றாவது கம்பனியின் பெயர் பளபளத்தது. ஊருக்கு வந்த கிழமை ஆறு கோப்பைகளை அவளுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது முத்தலிபுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"வடிவான கோப்பை," என்றான் கில்பட்.

"முத்தலிபு நானா தந்தது," என்றாள் மக்தலேனா பெருமையாக. "அந்தக் கம்பனி மூடுற நேரம் நானாதான் முன்னுக்கு நிண்டு எல்லாருக்கும் சாமான் பங்கு பிரிச்சுக் குடுத்தவராம். நாலு கம்பனியையும் இவர்தான் மூடினவராம். ஒருத்தர் கூடச் சண்டை பிடிக்கேல்லையாம்!"

கில்பட் கதிரையின் நுனிக்கு வந்தான். அவன் கண்ணில் முதல் முறையாக ஒரு வெளிச்சம். "உண்மையோ சேர்?"

முத்தலிபு உள்ளே திரும்பிப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் ஷிஹாராவின் நிழல் தெரிந்தது. நாளைக்கு வெள்ளிக்கிழமை.

"பொய்!" என்றார் அவர். "மக்தலேனா ஆரோ சொன்னதக் கேட்டுட்டுக் கதைக்கா. நான் ஒரு கம்பனியையும் மூடினதில்ல. மூடுற பழக்கமே எனக்கில்ல!"

"நீங்கதானே நானா சொன்னீங்க..."

"நான் சொல்லல்ல! சத்தியமா நாலும் பறக்குது!"

கில்பட் மெல்லப் படிவத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். தேத்தண்ணியை ஒரே மிடறில் குடித்துவிட்டு எழுந்தான். வாசல்வரை போனவன், அங்கே நின்று திரும்பினான்.

"குறை நினைக்காதீங்க சேர்; வெளியில சொன்னா படகு ஓட்டிமார் நாளைக்கே விட்டுட்டுப் போயிடுவாங்க எண்டுதான் விளம்பரத்தில போடேல்ல, ஆறு மாசத்தில எங்கட படகுச் சேவையைச் சண்டை சச்சரவில்லாம மூடித் தரத் தெரிஞ்ச ஆளைத்தான் முதலாளி தேடுறார்."